பழைய கம்ப்யூட்டர் பாகங்களை எறிவதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் சேர்ந்துபோன பழைய மின்னணுச் சாமான்களைக் கழித்துக்கட்டுவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு வருடமாகக் கை படாத பொருள் இனிமேலும் தேவைப்படாது, யோசிக்காமல் வெளியே போடுங்கள் என்பதுதான் அதன் சாரம். துணிமணிக்கு அது சரியாக இருக்கலாம், கம்ப்யூட்டர் பாகங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்றைக்காவது உதவும் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றி வைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பாகம் வேலை செய்கிறதா இல்லையா என்று தெரியாதவரை அதை வைத்திருப்பதால் பயனும் இல்லை, எறிவதில் நியாயமும் இல்லை. முதலில் சோதிக்க வேண்டும், சோதித்து என்ன தெரிந்தது என்று அதன் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும், அப்புறம்தான் வைப்பதா அனுப்புவதா என்ற பேச்சு.

கம்ப்யூட்டரில் கோளாறு கண்டுபிடிப்பது என்பது பெரும்பாலும் மாற்றிப் பார்ப்பதுதான். பவர் பட்டனை அழுத்துகிறோம், ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. இதற்குக் காரணம் ராமாக (தற்காலிக நினைவகம்) இருக்கலாம், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டாக இருக்கலாம், மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். ஆக இருக்கலாம், எல்லா பாகங்களும் சொருகும் பலகையான மதர்போர்டாக இருக்கலாம், மானிட்டர் கேபிளாகக்கூட இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று அறிய ஒரே நம்பகமான வழி, நன்றாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பாகத்தை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது. அந்த உறுதியாகத் தெரிந்த பாகம் கையில் இல்லாவிட்டால், புதிதாக ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் இல்லை என்றால் இன்னொன்று, இப்படிப் போய்க் கடைசியில் முழு மெஷினும் போச்சு, புதிது வாங்கிவிடலாம் என்ற இடத்தில் வந்து நிற்போம். ஆகவே பழைய பாகங்களைச் சேர்த்து வைப்பதற்கு உண்மையான காரணம் பழசின் மேல் உள்ள பாசம் அல்ல. அவை சோதனைக் கருவிகள். அடுத்த கம்ப்யூட்டரின் நோயைக் கண்டுபிடிக்க உதவுபவை. ஆனால் அதற்கு அவற்றின் நிலை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய பழைய டெஸ்க்டாப் காலையில் முதல் தடவை அழுத்தினால் கிளம்பாது, நாலைந்து முறை அழுத்திய பிறகு கிளம்பும், கிளம்பிவிட்டால் நாள் முழுக்க ஓடும். பிறகு ஒரு நாள் சுத்தமாகவே கிளம்பவில்லை. எஸ்.எம்.பி.எஸ். தான் பிரச்சினை என்று அவர் சரியாகவே யூகித்தார். பெட்டிக்குள் கிடந்த பழைய எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை எடுத்து மாட்டினார். அப்போதும் கிளம்பவில்லை. அப்படியானால் மதர்போர்டுதான் போய்விட்டது என்று முடிவுகட்டி, நல்ல மதர்போர்டையும் அதில் இருந்த பிராசஸரையும் ராமையும் கழித்துக்கட்டத் தயாராகிவிட்டார். நான் கொண்டுபோன, மல்டிமீட்டரில் அளந்து சீட்டு ஒட்டி வைத்திருந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டியதும் முதல் அழுத்தலிலேயே பீப் அடித்து டிஸ்ப்ளே வந்தது. பெட்டியில் கிடந்தது ஏற்கெனவே செத்துப்போனது. யாரோ எப்போதோ கழற்றி, பழுது என்று எழுதாமல் உள்ளே போட்டிருக்கிறார்கள். பழுதான ஒன்றை எடுத்து இன்னொரு பழுதைச் சோதித்தால் நல்ல பாகத்தின் தலையில்தான் பழி விழும். அந்தப் பெட்டி அவருக்கு உதவவில்லை என்பது மட்டுமில்லை, தவறான வழியில் கொண்டுபோய் விட்டது.

காலையில் கிளம்பாமல் முரண்டுபிடித்து, சூடானதும் சரியாக ஓடுவது என்பது, மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் சிறு பாகமான கெப்பாசிட்டர் தேய்ந்துபோனதன் தெளிவான அடையாளம். 1999-லிருந்து ஏறக்குறைய 2007 வரை தயாரான மதர்போர்டுகளிலும் எஸ்.எம்.பி.எஸ்.களிலும் இது பரவலாக நடந்தது. உள்ளே ஊற்றிய எலெக்ட்ரோலைட் திரவம் சரியான கலவையாக இல்லாததால் ஹைட்ரஜன் வாயு உருவாகி, கெப்பாசிட்டர்கள் ஒவ்வொன்றாக வீங்கின. மதர்போர்டை வெளிச்சத்தில் பிடித்து, பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் சிறிய அலுமினிய உருளைகளின் தலையைப் பாருங்கள். தலையில் குறுக்காகவோ கே எழுத்து போலவோ கோடு கீறியிருப்பார்கள், அழுத்தம் கூடினால் அந்த இடத்தில் பிளந்துகொள்ளட்டும் என்பதற்காக. நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். கெட்டுப்போனதன் தலை மேல் நோக்கிக் குவிந்திருக்கும், அந்தக் கோட்டு வழியே பழுப்பு நிறத்தில் காய்ந்துபோன ஒரு பொருக்கு தெரியும். சில சமயம் தலை தட்டையாகவே இருக்கும், ஆனால் அடியில் இருக்கும் ரப்பர் வெளியே தள்ளி, உருளை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். சால்டரிங் தெரிந்தவர்கள் இதைச் சரிசெய்துவிடலாம். அதே மைக்ரோஃபாரட் அளவு, அதே வோல்ட் அல்லது அதைவிடக் கூடுதல், 105 டிகிரி தாங்கக்கூடியது, உள்தடை குறைவானது, இந்த நான்கும் பொருந்தினால் போதும், துருவம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவான சில பாகங்களை மாற்றினாலே முழு மதர்போர்டும் உயிர்பெற்று விடுகிறது. இதைத்தான் யோசிக்காமல் வெளியே போடச் சொல்கிறீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பற்றி எழுதியதால் ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போய்விடாது. பழைய குண்டு மானிட்டர் அதைவிட மோசம், படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். இவை இரண்டும் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் தொட வேண்டியவை. திறக்காமலேயே எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சோதிக்கலாம். மதர்போர்டில் சொருகும் பெரிய கனெக்டரில் ஒரே ஒரு பச்சை வயர் இருக்கும், அதையும் பக்கத்தில் உள்ள கறுப்பு வயரையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் ஃபேன் சுற்றத் தொடங்கும். பழைய ரகம் என்றால் சும்மா ஓட்டாமல் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கையாவது மாட்டிவிட்டு அளப்பது நல்லது, சுமை இல்லாவிட்டால் சில எஸ்.எம்.பி.எஸ்.கள் சரியான அளவைக் காட்டாது. மஞ்சள் வயரில் 11.4-லிருந்து 12.6 வோல்ட்டுக்குள், சிவப்பில் 4.75-லிருந்து 5.25-க்குள் இருந்தால் அளவில் சரி. ஃபேன் சுற்றுகிறது என்பதை மட்டும் வைத்து நல்லது என்று எழுதிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்தவரின் மெஷினிலும் கடைசிவரை ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

டிஸ்ப்ளே வரவில்லை என்றால் எங்கே தொடங்குவது என்று பலருக்கும் குழப்பம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மதர்போர்டு, பிராசஸர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், இவ்வளவோடு தொடங்க வேண்டும். மதர்போர்டிலேயே டிஸ்ப்ளே இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், எதைச் சேர்த்ததும் நின்றுபோகிறதோ அதுதான் கோளாறு. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றக்கூடாது, மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது. ஸ்பீக்கர் இருந்தால் பீப் சத்தத்தைக் கவனியுங்கள். மெஷினை முதலில் கிளப்பும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்தான் பயாஸ். அதில் ஒரு ரகமான பழைய அவார்டு பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்று வந்தால் டிஸ்ப்ளே பிரச்சினை, நீளமான பீப் விடாமல் வந்துகொண்டே இருந்தால் ராம் பிரச்சினை. வேறு பயாஸ்களுக்கு வேறு கணக்கு, மதர்போர்டின் கையேட்டில் இருக்கும். ஒன்று சொல்கிறேன், ராமைக் கழற்றிவிட்டு மெஷினை ஓட்டிப் பார்க்கும்போது பீப் சத்தமே வரவில்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை. ராம் இல்லை என்று புகார் சொல்லும் அளவுக்காவது பிராசஸரும் மதர்போர்டும் உயிரோடு இருக்கின்றனவா என்று அறிய, ராமே இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது மிக உபயோகமான சோதனை.

ராமின் தங்கப் பூச்சுப் பற்களில் அழுக்கு படிந்தால் அது சரியாக உட்காராது. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் நிறைய மெஷின்கள் எழுந்துவிடும். அப்புறம் மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு, விண்டோஸ் எதுவும் இல்லாமலேயே அதை ஓட்டி, ஒரு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஒரு தவறுகூடக் காட்டவில்லை என்றால் அந்த ராமை நம்பலாம். ஒன்றே ஒன்று காட்டினாலும் அது வேண்டாம், ஒன்றுதானே என்று வைத்துக்கொண்டால் அது என்றோ ஒரு நாள் உங்கள் கோப்பு ஒன்றைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

சேர்த்து வைப்பவர்கள் கவனிக்காமல் விடும் மிகப் பெரிய ஆபத்து பேட்டரி. இதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எத்தனையோ அருமையான பழைய மதர்போர்டுகள் பெட்டிக்குள் சும்மா இருந்தே அழிந்திருக்கின்றன. 286, 386, 486 காலத்து மதர்போர்டுகளில் நேரத்தையும் செட்டிங்கையும் நினைவில் வைக்க, நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ ஒரு குட்டி உருளை பேட்டரியைச் சால்டர் செய்திருப்பார்கள். அது நிக்கல் காட்மியம், 3.6 வோல்ட். வருடங்கள் போகப் போக அது கசியும். கசிவது காரம். பேட்டரியைச் சுற்றி முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு செம்புத் தடங்கள் பச்சையாக மாறும், பச்சை நிறம் கீபோர்டு சாக்கெட் வரைக்கும் ஊர்ந்து போகும், கடைசியில் தடம் அறுந்துவிடும். மெஷினை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இது நடக்கும். ஆகவே அப்படிப்பட்ட மதர்போர்டு உங்களிடம் இருந்தால், அது ஓடும் நிலையில் இருக்கும்போதே பயாஸுக்குள் போய் ஹார்டு டிஸ்க்கின் அமைப்பைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை எழுதி வைத்துக்கொண்டு, பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த எண்கள் இல்லாவிட்டால் அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றுக்கு டிஸ்க்கை அடையாளம் தெரியாது. ஏற்கெனவே கசிந்திருந்தால் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் காரம் சமனாகும், பிறகு சுத்தமான நீராலும் ஆல்கஹாலாலும் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும்.

பிறகு வந்த மதர்போர்டுகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ லித்தியம் செல். அது அவ்வளவு சீக்கிரம் கசியாது, ஆனால் தீர்ந்துபோகும். தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்கு ஓடிப்போனால் அந்த செல்லை மாற்றினாலே போதும். இணையத்தில் எந்தப் பாதுகாப்பான பக்கமும் திறக்கவில்லை, சான்றிதழ் சரியில்லை என்கிறது, வைரஸா என்று கேட்கிறவர்களின் மெஷினில் பல தடவை தேதிதான் தப்பாக இருக்கிறது.

இனி ஹார்டு டிஸ்க். மற்ற எல்லா பாகமும் போனால் இன்னொன்று வாங்கலாம், இதில் இருப்பதை எங்கே வாங்குவது? பழைய கம்ப்யூட்டரை எறியத் தயங்குகிறவர்கள் பலருக்கு உண்மையில் பாசம் மெஷினின் மேல் அல்ல, அதற்குள் இருக்கும் புகைப்படங்களின் மேல்தான். ஆனால் படம் பத்திரமாக இருக்கட்டும் என்று டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைப்பது பத்திரம் ஆகாது. ஓடாமல் கிடக்கும் டிஸ்க்கில் எண்ணெய்ப் பசை இறுகிப்போய் மோட்டார் சுற்ற மறுக்கலாம், சில பழைய டிஸ்க்குகளில் படிக்கும் தலை தட்டின் மேல் ஒட்டிக்கொண்டுவிடும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவல் வைக்கும் எஸ்.எஸ்.டி. என்றால் மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் வைத்தால் உள்ளே தேக்கிய மின்னூட்டமே கசிந்து தகவல் கெடலாம். வீட்டில் எழுதிய சி.டி.களில் சாயப் படலம் வெளிறிப்போகும். ஆக, டிஸ்க் இன்னும் ஓடுகிறதா, இன்றைக்கே நகலெடுங்கள், இரண்டு வெவ்வேறு இடங்களில்.

அகலமான பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய ஐ.டி.இ. டிஸ்க்குகளை இன்றைய மெஷினில் படிக்க, யு.எஸ்.பி.யில் மாட்டும் அடாப்டர் கிடைக்கிறது. மாட்டியும் டிஸ்க் தெரியவில்லை என்றால் பயப்படுவதற்கு முன் பின்பக்கத்தில் இருக்கும் ஜம்பரை, அதாவது இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடியைப் பாருங்கள். பெரும்பாலும் மாஸ்டர் என்ற இடத்தில் இருக்க வேண்டும். தனியாக இருக்கும்போது ஜம்பரையே எடுத்துவிட வேண்டிய டிஸ்க்குகளும் உண்டு, மேலே ஒட்டியிருக்கும் லேபிளிலேயே படம் போட்டிருப்பார்கள். பழைய மதர்போர்டில் பெரிய டிஸ்க் மாட்டுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, 137 ஜி.பி. எல்லை. டிஸ்க்கின் முகவரியை 28 பிட்டில் எண்ணும் பழைய ஏற்பாட்டில் அதற்கு மேல் எண்ண முடியாது. முதலில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி-யும் அப்படித்தான், சர்வீஸ் பேக் 1 போட்ட பிறகே சரியானது. டிஸ்க் வேறு இடத்தில் 250 ஜி.பி. என்று காட்டி, பழைய மெஷினில் 137 என்று காட்டினால், டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த நிலையில் அதில் எதையும் எழுதாதீர்கள்.

டிஸ்க் டக், டக் என்று ஒரே தாளத்தில் அடிக்கத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதுதான் மிஞ்சியிருப்பதையும் அழிக்கிறது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று ஒரு யோசனை இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது, வேண்டவே வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், தட்டின் மேல் ஈரம் பட்டால் அதோடு கதை முடிந்தது. டக் சத்தம் இல்லாமல் அங்கங்கே படிக்க முடியாத செக்டர்கள் (தகவல் பதியும் சிறு துண்டுகள்) மட்டும் இருக்கும் டிஸ்க் என்றால், ஜி.என்.யு. டி.டி.ரெஸ்க்யூ என்ற மென்பொருள் கைகொடுக்கும். அது முதலில் நன்றாக இருக்கும் பகுதிகளை எல்லாம் வேகமாக எடுத்துவிட்டு, முரண்டுபிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே நிறுத்தினோம் என்பதையும் ஒரு கோப்பில் குறித்துவைத்துக்கொள்வதால் நடுவில் நின்றாலும் தொடரலாம். சாதாரணமாகக் காப்பி செய்கிறவர்கள் முதல் கெட்ட செக்டரிலேயே சிக்கி, டிஸ்க்கைத் திணறடித்துக் கொன்றுவிடுகிறார்கள்.

தமிழில் எழுதியவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு தட்டச்சு செய்த கடிதங்களும் கதைகளும் குடும்ப வரலாறுகளும் பாமினி, திஸ்கி என்று ஏதோ ஒரு பழைய எழுத்துரு முறையில்தான் இருக்கும். கோப்பை மட்டும் நகலெடுத்து வந்தால் புதிய கம்ப்யூட்டரில் அது ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலந்த குப்பையாகத்தான் திறக்கும். பழைய மெஷினை மூடுவதற்கு முன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து நகலெடுத்துவிடுங்கள். எழுத்துரு கையில் இருந்தால் எந்த முறை என்று தெரிந்துவிடும், மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. எழுத்துரு இல்லாமல், அதை எழுதியவரும் இல்லாமல் போனால், அது என்ன முறை என்று ஊகிக்கவே நாள் போகும். இப்படித் திறக்க முடியாமல் கிடக்கும் தமிழ் எழுத்து எவ்வளவு இருக்கும் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, எதை வைத்துக்கொள்ளலாம்? என் கருத்தைச் சொல்கிறேன். அளந்து பார்த்த ஒரு எஸ்.எம்.பி.எஸ்., பழைய வட்ட முனை கொண்ட பி.எஸ். 2 கீபோர்டு ஒன்று, மானிட்டருக்குப் போகும் வி.ஜி.ஏ. கேபிள் ஒன்று, ஐ.டி.இ. அடாப்டர், டிஸ்ப்ளே சோதிக்க ஒரு சாதாரண கிராபிக்ஸ் கார்டு, ஒவ்வொரு தலைமுறை ராமிலும் ஒன்று. பி.எஸ். 2 கீபோர்டை ஏன் சொல்கிறேன் என்றால், யு.எஸ்.பி. கீபோர்டை பயாஸ் கண்டுகொள்ளாத பழைய மெஷின்களில் உள்ளே நுழைய அதுதான் சாவி. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அதை மாட்டவோ கழற்றவோ கூடாது. ராமில் டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 இரண்டுக்கும் 240 பின்கள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், முந்தையது 1.8 வோல்ட், பிந்தையது 1.5. நுழையவில்லை என்றால் அழுத்திச் சொருகாதீர்கள். பழைய படங்கள் பிளாப்பியில் இருக்கும் வீடு என்றால் ஒரு பிளாப்பி டிரைவையும் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியதும் அதன் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிளைத் திருப்பிச் சொருகியிருக்கிறீர்கள், டிரைவ் கெடவில்லை.

வைத்துக்கொள்ள வேண்டாதவை என்றால், டயல் அப் மோடம்கள், ஒரே மாதிரியான பவர் கேபிள் குவியல், வோல்ட் எழுத்து அழிந்துபோன அடாப்டர்கள். இந்த அடாப்டர்கள் வெறும் இடத்தை மட்டும் அடைக்கவில்லை. முனை பொருந்துகிறது என்று 19 வோல்ட் அடாப்டரை 12 வோல்ட் ரௌட்டரில் யாராவது ஒரு நாள் சொருகுவார்கள். உப்பிய லேப்டாப் பேட்டரியை ஒரு நாள்கூட வீட்டில் வைக்கக்கூடாது, குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். சாதாரணக் குப்பையிலும் போடக்கூடாது.

எழுதி ஒட்டுவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் தேதி, எதில் மாட்டிச் சோதித்தோம், என்ன தெரிந்தது, இது போதும். உதாரணத்துக்கு, "1 ஜி.பி., டி.டி.ஆர். 2, மெம்டெஸ்ட் ஓர் இரவு, தவறு இல்லை" என்று. பழுதானதையும் பழுது என்று எழுதுங்கள், அதுவும் முக்கியம். டேப்பை சிப்பின் மேலோ காற்றுத் துளையின் மேலோ ஒட்ட வேண்டாம், பையின் மேல் ஒட்டினால் போதும். மதர்போர்டையும் கார்டையும் சாம்பல் நிற ஆன்டி ஸ்டாட்டிக் பையில் வைக்க வேண்டும், அதே பையை விரித்து அதன் மேல் மதர்போர்டை வைத்து ஓட்டிப் பார்க்கக் கூடாது, அந்தப் பையின் பரப்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. சோதிக்கும்போது வெறும் அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள்.

உங்கள் கட்டுரையில் பழைய மெஷின்களுக்கு இனி உபயோகமே இல்லை என்ற தொனி இருந்தது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்ற நிபந்தனையால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. அவற்றில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டி, பிராசஸருக்குப் புது தெர்மல் பேஸ்ட் தடவி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் ஒன்றைப் போட்டால் படிப்புக்கும் எழுத்துக்கும் இன்னும் பல வருடம் ஓடும். ரொம்பப் பழைய 32 பிட் மெஷின்களுக்கு மட்டும் வழி சுருங்கிக்கொண்டே வருகிறது, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன்கூட 2025-ல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து அவற்றில் நேரடியாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. எக்ஸ்பி மெஷினை இணையத்தில் இணைக்கக் கூடாது, 2014 ஏப்ரல் 8-லேயே அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதே போல, பென்டியம் 4 மெஷினை இரவும் பகலும் ஓடும் சர்வராக வைக்கும் ஆசையும் வேண்டாம். அந்த வரிசையில் சில பிராசஸர்கள் முழு வேகத்தில் 115 வாட் வரை வெப்பம் தள்ளுபவை. இங்கே கட்டுரையாளரோடு எனக்கு ஒத்துப்போகிறது.

ஆனால் வெளியே போடுங்கள் என்று எழுதுகிறவர்கள் அந்த வெளியே என்பது எது என்றும் எழுத வேண்டும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மீதியில் நிறைய, குழியில் புதைந்தோ, செம்புக்காக வயரைக் கொளுத்துகிறவர்களின் நுரையீரலில் புகுந்தோ முடிகிறது. பி.வி.சி. உறையோடு எரியும் வயரிலிருந்து டையாக்ஸின் என்ற நச்சு வரும். குண்டு மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. 2006-க்கு முந்தைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் ஈயம் கலந்த சால்டர்தான். சோதித்துப் பழுது என்று தெரிந்த பாகத்தை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் தரலாம், ஓடுகிற பாகத்தைத் தேவைப்படுகிறவருக்குத் தரலாம். எது எது என்று தெரியாத மூட்டையை யாருக்கும் மனசாரத் தர முடியாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக ஒரு சிறு பகுதியாவது வெளியிட்டு, டிஸ்க்கைத் தருவதற்கு முன் எப்படி அழிப்பது என்று சொல்லுங்கள். டெலிட் செய்வதும் விரைவு ஃபார்மேட் செய்வதும் எதையும் அழிப்பதில்லை, அட்டவணையை மட்டும்தான் நீக்குகின்றன. சுழலும் டிஸ்க் என்றால் முழுக்க ஒரு முறை பூஜ்யங்களால் நிரப்பினாலே போதும், ஏழு முறை முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் இன்றைய டிஸ்க்குகளுக்குத் தேவையில்லை. எஸ்.எஸ்.டி. என்றால் நிரப்புவது நம்பகமில்லை, அதற்குரிய செக்யூர் எரேஸ் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். ஓடாத டிஸ்க் என்றால் தட்டையே உடைத்துவிட வேண்டும், கண்ணாடித் தட்டு உள்ள டிஸ்க்குகள் சிதறும் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்பு போட்டுக்கொண்டு. உங்கள் கட்டுரையைப் படித்த வாசகர்களில் சிலர் இந்த வார இறுதியிலேயே பெட்டியை இறக்கக்கூடும் என்பதால், முடிந்தால் அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்